வாய் வராத நாட்களின் ஜெபம்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். கணவருக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. ஐந்து வயது மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். மாமியார் படுக்கையில். “முன்பெல்லாம் ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்பேன். இப்போது ‘ஆண்டவரே’ என்பதற்கு மேல் வாய் வரவில்லை. உரத்துக் கூப்பிட்டால்தான் கட்டு அறுபடும் என்று ஜெபக்குழுவில் சொல்கிறார்கள். கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்தால் அதுவும் ஜெபமா? அது இந்துக்களின் தியானம் இல்லையா? அப்படிக் கிடைக்கிற சமாதானம் நிலைக்குமா?” இவ்வளவுதான் அவருடைய கேள்வி.

சகோதரி, நான் போதகர் இல்லை. அரசாங்க மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். பிரிக்பீல்ட்ஸில் மெதடிஸ்ட் குடும்பத்தில் வளர்ந்தவள். மௌன ஜெபம் எனக்குப் பதினாறு வருடப் பழக்கம். அதற்கு முன் நானும் உரத்துக் கூப்பிட்ட கூட்டத்தைச் சேர்ந்தவள்தான்; அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. உபவாச ஜெபத்திலும் முழு இராத்திரி ஜெபத்திலும் ஆறுதல் அடைந்து எழுந்தவர்களைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆனால் வாய் வராதவளைப் பிடித்து ‘உரக்கக் கூப்பிடு’ என்று உலுக்குவது, காய்ச்சலில் கிடக்கிறவனை எழுப்பி ஓட்டப்பந்தயத்தில் நிறுத்துவது போன்றது.

முதலில், அது ஜெபமா என்ற கேள்வி. 1 சாமுவேல் முதல் அதிகாரத்தை இன்றிரவு ஒரு தடவை திறந்து பாருங்கள். அன்னாளுக்குப் பிள்ளை இல்லை. சக்களத்தி பெனின்னாள் வருடந்தோறும் குத்திக்காட்டுகிறாள். அன்னாள் சாப்பிடாமல் அழுகிறாள். சீலோவில் ஆலயத்துக்குப் போய் நின்று மனதுக்குள்ளேயே பேசுகிறாள். உதடுகள் மட்டும் அசைகின்றன, சத்தம் கேட்கவில்லை. வாசல் நிலையண்டை உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலி, இவள் குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று முடிவுகட்டி, ‘நீ எதுவரைக்கும் வெறித்திருப்பாய்?’ என்று அதட்டுகிறான். சத்தமில்லாமல் ஜெபிக்கிறவர்களைச் சபையார் தப்பாக எடுத்துக்கொள்வது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல.

ஆனால் நான் உங்களுக்குக் காட்ட நினைத்த வசனம் அது இல்லை. நான்கு வசனம் தள்ளிப் பாருங்கள். அவள் புறப்பட்டுப் போய் ‘போஜனஞ்செய்தாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை’ என்று இருக்கும். இந்த இடத்தில் நான் பல வருடம் நிற்காமலே கடந்து போயிருக்கிறேன். அப்போது அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை, கருவே தரிக்கவில்லை. பெனின்னாள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். ஏலி வாழ்த்தி அனுப்பினான் என்பது சரி, ஆனால் அவள் என்ன கேட்டாள் என்றே அவனுக்குத் தெரியாது. வெளியே ஒன்றும் மாறவில்லை. அவள் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். என் அனுபவத்தில் சமாதானம் வருகிற விதம் இதுதான். கேட்டது கைக்கு வருவதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஜெபிக்கிற நேரத்தில் தெரிவதில்லை. பிறகு சோற்றுத் தட்டின் முன்னால் தெரிகிறது.

அன்னாளுக்காவது மனதுக்குள் வார்த்தை இருந்தது, எனக்கு அதுவும் இல்லையே என்பீர்கள். அதற்கு ரோமர் 8:26 இருக்கிறது. ஏற்றபடி வேண்டிக்கொள்ள நமக்குத் தெரியாதபோது, ஆவியானவர் ‘வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு’ நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்கிறார் பவுல். உங்கள் மகன் பேசுவதில்லை. ஆனால் அவன் உங்கள் துணியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால், பசியா, பயமா, மின்விசிறியைப் போடச் சொல்கிறானா என்று உங்களுக்குத் தெரியாமலா போகிறது?

நம் பழைய மொழிபெயர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்று உண்டு: அமர்தல். ‘நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்’ என்கிறது 46ஆம் சங்கீதம். ‘தேவனையே நோக்கி என் ஆத்துமா அமர்ந்திருக்கிறது’ என்கிறது 62ஆம் சங்கீதம். எலியா தீர்க்கதரிசிக்கு ஓரேப் மலையில் கேட்டது ‘அமர்ந்த மெல்லிய சத்தம்’. திருநெல்வேலியிலிருந்து வந்த என் பாட்டி படுக்கப் போகும்போது ‘விளக்கை அமர்த்து’ என்பார். உட்காருவதும் அமர்தல்தான், கொதிப்பு தணிவதும் அமர்தல்தான், விளக்கு அடங்குவதும் அமர்தல்தான். மௌன ஜெபம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஒரு சொல்லைத்தான் சொல்வேன். மனதைக் காலியாக்கும் வித்தை என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அப்படி இல்லை. அந்தச் சங்கீதக்காரன் காலியாக உட்காரவில்லை, ‘தேவனையே நோக்கி’ உட்கார்ந்தான். பேச்சுத்தான் நிற்கிறது, எதிரே ஒருவர் இருக்கிறார்.

இந்துத் தியானமா என்ற கேள்விக்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும். நம் ஊர்க் கதை என்பதால் விரித்தே சொல்கிறேன்.

1950-களின் நடுவில் பிரிட்டிஷ் காலனி நிர்வாகத்தில் வேலைக்காக மலாயாவுக்கு ஓர் இளைஞர் வந்தார். லண்டனில் 1926-இல் பிறந்த ஐரிஷ்காரர், சட்டம் படித்தவர், கத்தோலிக்கர். பிற்பாடு ஜான் மெயின் என்ற பெயரில் உலகம் அவரை அறிந்தது. அலுவல் காரியமாக ஒரு நாள் கோலாலம்பூரில் சுவாமி சத்யானந்தாவைப் பார்க்கப் போனார். பூச்சோங் சாலை ஆறாவது மைலில் இருக்கிற சுத்த சமாஜத்தை நம்மில் பலருக்குத் தெரியும். ஆதரவற்ற பிள்ளைகளை வளர்க்கிற அந்த நிலையத்தை 1949-இல் தொடங்கியவர்தான் அந்த சுவாமி. அலுவல் முடிந்ததும் பேச்சு ஜெபத்தின் பக்கம் திரும்பியது. கிறிஸ்தவனான நானும் இப்படித் தியானிக்கலாமா என்று இளைஞர் கேட்டார். தாராளமாக, அது உன்னை இன்னும் நல்ல கிறிஸ்தவனாக்கும் என்ற பொருளில் சுவாமி பதில் சொன்னார். காலையும் மாலையும் அரை மணி நேரம், ஒரே ஒரு சொல், அதுவும் உன் விசுவாசத்தைச் சேர்ந்த சொல்லாகவே இருக்கட்டும். வாரம் ஒரு தடவை வந்து என்னோடு உட்கார். இவ்வளவுதான் உபதேசம்.

இதில் எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. ஜான் மெயின் 1959-இல் லண்டன் ஈலிங் மடத்தில் பெனடிக்டின் துறவியாகச் சேர்ந்தபோது, அங்கே அவரைப் பயிற்றுவித்தவர் ‘இது நம் முறை அல்ல, விட்டுவிடு’ என்றார். அவர் கீழ்ப்படிந்து விட்டுவிட்டார். பல வருடம் கழித்து, ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய ஜான் கசியான் என்ற துறவியின் நூல்களை மறுபடி வாசித்தபோது தூக்கிவாரிப் போட்டது. எகிப்து பாலைவனத்துக் கிறிஸ்தவத் துறவிகளிடம் கேட்டறிந்ததைக் கசியான் எழுதி வைத்திருந்தார். ஒரே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள், நல்ல நேரத்திலும் கெட்ட நேரத்திலும் அதை விடாதே என்பது அவர்கள் சொல்லிக்கொடுத்தது. அந்த வசனம் 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்: ‘தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்.’ கோலாலம்பூரில் ஒரு சுவாமி சொல்லிக்கொடுத்தது ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்பே தன் சொந்த வீட்டுப் பரணில் இருந்திருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. 1975-இல் ஈலிங்கில் தியானக் குழுக்களைத் தொடங்கினார், 1977-இல் மாண்ட்ரியால் போனார், 1982-இல் இறந்தார். இன்று பல நாடுகளில் கிறிஸ்தவர்கள் அந்த முறையில் உட்காருகிறார்கள்.

உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். பூச்சோங் சாலையில் கிளம்பியது லண்டன், மாண்ட்ரியால் என்று சுற்றி ஆங்கிலப் புத்தகமாக நம்மிடம் திரும்பி வந்தபோது, நம்மவர்களே அதைப் பார்த்து ‘இது எங்கிருந்தோ வந்த உபதேசம்’ என்றார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: உட்காருகிற விதத்தில் ஒற்றுமை உண்டு, மறுக்க மாட்டேன். ‘சும்மா இரு’ என்ற உபதேசம் நம் மொழியிலேயே பழையது. ஆனால் யாரை நோக்கி உட்காருகிறோம் என்பதில்தான் ஜெபம் இருக்கிறது. ‘அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்’ என்ற வசனத்தைக் காட்டி, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லக்கூடாது என்கிறவர்களும் உண்டு. அந்த வசனம் கண்டிப்பது வீண்வார்த்தையை, அதிக வசனிப்பை. கெத்செமனேயில் இயேசு மூன்றாந்தரமும் ‘அந்த வார்த்தைகளையே சொல்லி’ ஜெபித்தார் என்று அதே மத்தேயுதான் எழுதுகிறார்.

இனி, நான் எப்படி இதற்குள் வந்தேன் என்று சொல்கிறேன். புத்தகம் படித்து வரவில்லை.

பதினாறு வருடத்துக்கு முன் என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ரயில்வேயில் வேலை பார்த்தவர், சர்க்கரை வியாதிக்காரர். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். நான் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு முடிந்த நாளெல்லாம் கூடப் போய் உட்காருவேன். சாய்வு நாற்காலிகள் இரண்டு வரிசை. இரத்தம் குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை யாருடைய இயந்திரமாவது அலறும். எதிர் நாற்காலிக்காரரின் மனைவி ஒரு மலாய் மாக்சிக். தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருப்பார். மூலையில் ஒரு சீனப் பெரியவர், எப்போதும் நேற்றைய பத்திரிகையோடு.

நான் ஜெபித்தேன். தாதி அல்லவா, பட்டியல் போட்டுத்தான் ஜெபிப்பேன். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியாட்டினின் எண், இரத்தக் கொதிப்பு, கையில் ஊசி குத்துகிற இடம் அடைக்காமல் இருக்க, மகளின் பிரசவம், வீட்டுக் கடன். ஆறு மாதத்தில் பட்டியல் தீர்ந்துபோயிற்று. அதாவது, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாகிவிட்டது, எண் மட்டும் இறங்கவில்லை. பிறகு அவர் காதருகே குனிந்து சங்கீதம் வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “கொஞ்ச நேரம் பேசாதே. ஆனால் போய்விடாதே.”

எனக்கு முதலில் சுருக்கென்றது. வேதத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, ஊசி குத்தாத கையைப் பிடித்துக்கொண்டு மீதி இரண்டரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் மனதுக்குள் ‘அப்பா, அப்பா’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரைக் கூப்பிட்டேன் என்பதுகூட அப்போது தெளிவாக இல்லை. என்னைப் பெற்ற அப்பாவையா, பரம பிதாவையா. அன்றைக்குத் தரிசனம் ஒன்றும் கிடைக்கவில்லை. கால் மரத்துப்போனதுதான் மிச்சம். ஆனால் அடுத்த தடவையும் அப்படியே உட்கார்ந்தேன். அதற்கடுத்த தடவையும். வீட்டிலும் காலையில் உட்கார ஆரம்பித்தேன்.

நான்கு மாதம் போயிருக்கும். சிறுநீர் பிரியாதவர்களுக்குக் குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும். அவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே முக்கால் லிட்டர் என்று சொல்லியிருந்தார்கள். நான் ஒரு போத்தலில் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டு வைத்திருந்தேன். அந்தக் கோட்டினால் எங்கள் வீட்டில் நடக்காத சண்டை இல்லை. ஒரு பிற்பகல் வேலை முடிந்து வருகிறேன், அவர் சட்டையில் ரோஸ் நிறக் கறை. கீழே ஒட்டுக்கடையில் ஐஸ் கச்சாங், அதுதான் சர்பத் ஊற்றிய ஐஸ் துருவல், சாப்பிட்டிருக்கிறார்! வேறு நாளாக இருந்தால் அடுக்குமாடி முழுக்கக் கேட்கும்படி கத்தியிருப்பேன். அன்று, “சட்டையைக் கழற்றுங்கள், கறை காய்ந்தால் போகாது” என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டையைத் தொட்டியில் நனைக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. கோபம் வராமல் இல்லை. வந்தது, ஓரமாக நின்றது, என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. அன்னாள் சாப்பிட்டதை நான் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். மறுநாள் எடை பார்த்தபோது கூடியிருந்தது, மருத்துவர் என்னைத்தான் திட்டினார் என்பது வேறு கதை.

எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். கையில் குழந்தையும் படுக்கையில் மாமியாரும் இருக்கிற வீட்டுக்கு ஏற்றபடி சொல்கிறேன். ஒரு நாற்காலி போதும். முதுகு நிமிர்ந்திருக்கட்டும், சாய்ந்தால் தூங்கிவிடுவீர்கள். உங்களுக்கு இருக்கிற அசதிக்குச் சாயாமலே தூக்கம் வரும். வந்தால் தூங்குங்கள், அது பாவம் இல்லை. இருபது நிமிடம் என்பது பலரும் வைத்திருக்கிற கணக்கு, காலையும் மாலையும். நீங்கள் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள், முதல் மாதம் காலையில் மட்டும். கைத்தொலைபேசியில் மெல்லிய மணி வைத்துக் குப்புறக் கவிழ்த்துவிடுங்கள். கண்ணை மூடி, ஒரே ஒரு சொல்லை மெதுவாக மனதுக்குள் சொல்லுங்கள். நாக்கு அசைய வேண்டாம்.

எந்தச் சொல்? ஜான் மெயின் கற்றுக்கொடுத்தது ‘மாரநாதா’. இயேசு பேசிய அரமேயிக் மொழிச் சொல். 1 கொரிந்தியர் 16:22-இல் வருவது. நம் பழைய வேதாகமத்தில் அதைக் ‘கர்த்தர் வருகிறார்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். மா, ர, நா, தா என்று நான்கு அடியாகச் சொல்லலாம். பாலைவனத்துத் துறவிகளின் 70ஆம் சங்கீத வசனத்தையே வைத்துக்கொள்ளலாம். பர்திமேயு கூப்பிட்ட ‘எனக்கு இரங்கும்’ இருக்கிறது. நான் வைத்திருப்பது ‘அப்பா’. இயேசு ஜெபித்த ‘அப்பா’வும் நாம் வீட்டில் கூப்பிடுகிற அப்பாவும் ஏறக்குறைய ஒரே ஒலியாக இருப்பது தமிழர்களுக்குக் கிடைத்த வரம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் குடித்துவிட்டு வந்து அடித்த தகப்பனிடம் வளர்ந்த ஒருத்தி எங்களோடு உட்காருகிறாள். அவளுக்கு அந்தச் சொல் முள். அவளுக்கு ‘மாரநாதா’ தான். சொல்லைப் பொறுக்குவதில் ஒரு வாரம் போக்காதீர்கள். ஒன்றை எடுத்தால் மாற்றாதீர்கள்.

சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். செந்தூல் அடுக்குமாடியில் விடியற்காலைப் பாங்கு கேட்கும், லிஃப்ட் கதவு அடிக்கும், மேல் வீட்டில் நாற்காலி இழுப்பார்கள். அவை பாட்டுக்கு இருக்கட்டும். வீட்டில் ஒரேயடியாக முடியாத நாளில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தால் ஜாலான் துன் சம்பந்தனில் ஹோலி ரோசரி ஆலயமோ, நகருக்குள் புக்கிட் நானாஸில் செயின்ட் ஜான் பேராலயமோ திறந்திருக்கிற நேரத்தில் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன். நீ மெதடிஸ்ட்காரிதானே என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்திலேயே நினைவுகள் வரும். மின்சாரக் கட்டணம், மாமியாருக்கு வாங்க வேண்டிய பெரியவர் டயப்பர், மகனின் அடுத்த அப்பாயின்ட்மென்ட். அவற்றோடு மல்லுக்கட்டாதீர்கள். 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெயர் சொல்லாமல் எழுதிய ஒருவர் நல்ல யோசனை தந்திருக்கிறார்: நினைவுகளை விரட்டாதே, அவற்றின் தோளுக்கு மேலாக அப்பால் பார். மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் மாலை ஆறு மணிக் கூட்டத்தில் நின்று, முன்னால் நிற்கிறவர்களின் தோளுக்கு மேலே ரயில் வருகிறதா என்று பார்ப்போமே, அப்படித்தான். யாரையும் தள்ள வேண்டாம். சொல் நழுவிவிட்டது என்று தெரிந்ததும் மறுபடி சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் ஐம்பது தடவை நழுவினால் ஐம்பது தடவை திரும்பி வந்தீர்கள் என்று கணக்கு.

அப்புறம் கடிகாரம். அது நகராது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தில் இருந்த எவாகிரியூஸ் என்ற துறவி இந்தச் சலிப்பை ‘மத்தியானப் பிசாசு’ என்றார்; அது பிடித்துக்கொண்டால் துறவி அடிக்கடி வெளியே வந்து சூரியன் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பார்ப்பானாம். அவிலாவின் தெரேசா 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் ஜெபத்தின் ஆசிரியை என்றே பேர் எடுத்தவர். அவரே, சில வருடம் ஜெப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்றுதான் காத்திருந்தேன் என்று ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்த அன்று எனக்கு அவர் மேல் பாசமே வந்துவிட்டது.

முடிந்ததும் உடனே எழுந்து ஓடாமல் பரமண்டல ஜெபத்தை ஒரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள். இன்றைக்கு நன்றாக இருந்ததா என்று மட்டும் உங்களை நீங்களே கேட்காதீர்கள். உலை வைத்த பானையை நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கிற வேலை அது.

ஒரு விஷயத்தில் நான் தாதியாகப் பேச வேண்டும். மௌனத்தில் உட்கார்ந்தால் அடியில் கிடந்தது மேலே வரும். முதல் வாரங்களில் காரணம் இல்லாமல் அழுகை வரலாம். பெரும்பாலும் அது நல்லதுக்குத்தான். ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்ற நினைவு வருகிறது என்றால், அது ஜெபத்தால் மட்டும் தீர வேண்டிய விஷயம் அல்ல. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். நடுராத்திரியில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் பெஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பினர் 24 மணி நேரமும் தொலைபேசியில் கேட்கிறார்கள். எலியாவைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றான். தூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மெல்லிய சத்தமெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான். அதேபோல், அடிக்கிற கணவனோடு இருக்கிறவளிடம் மௌனமாக இருந்து ஜெபி என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அவள் முதலில் வீட்டை விட்டு வெளியே வர வேண்டும்.

நிலைக்குமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. அதுதான் கஷ்டமானது.

என் கணவர் ஐந்து வருடம் டயாலிசிஸில் இருந்து போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து வீடு காலியான மூன்றாம் நாள் நாற்காலியில் உட்கார்ந்தேன். ‘அப்பா’ வரவில்லை. உள்ளே கல். பழகிய ஐந்து வருடமும் எங்கே போனது என்று தெரியவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் அப்படி இருந்தது. உட்காருவதை மட்டும் விடவில்லை. பக்தி என்று சொல்ல மாட்டேன், காலையில் வேறு என்ன செய்வது என்று தெரியாத பழக்கம். அப்போது எனக்குத் துணையாக இருந்தது 88ஆம் சங்கீதம். மற்றச் சங்கீதங்கள் எவ்வளவு அழுதாலும் பெரும்பாலும் கடைசியில் எங்காவது துதிக்கோ நம்பிக்கைக்கோ திரும்பிவிடும். இது திரும்பாது, அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். அப்படி ஒன்றை வேதத்துக்குள் விட்டுவைத்தவர்களுக்கு நான் நன்றியுள்ளவளாக இருக்கிறேன். சிலுவையின் ஜான் என்ற ஸ்பானியத் துறவியை 1577-இல் அவருடைய சொந்தச் சபைத் துறவிகளே தொலேதோவில் ஓர் இருட்டறையில் ஒன்பது மாதம் அடைத்து வைத்தார்கள் என்பதையும், இருளையே ஜெபத்தின் வழியாகப் பிறகு அவர் எழுதினார் என்பதையும் அந்த வருடம்தான் படித்தேன். எல்லாம் புரிந்தது என்று சொல்ல முடியாது. இருட்டாக இருப்பதால் வழி தவறிவிட்டது என்று அர்த்தம் இல்லை என்ற மட்டில் புரிந்தது.

‘என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன், உலகம் கொடுக்கிறபிரகாரம் நான் உங்களுக்குக் கொடுக்கிறதில்லை’ என்று இயேசு சொன்னது எந்த ராத்திரியில் என்று கவனித்திருக்கிறீர்களா? பிடித்துக்கொண்டு போகப்பட்ட அதே ராத்திரியில். சற்று நேரத்தில் கெத்செமனேயில், ‘என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது’ என்கிறார். சமாதானத்தைக் கொடுத்தவரே அன்றைக்குத் துக்கப்பட்டார். ஆகவே நிலையான சமாதானம் என்றால் கலங்காமல் இருப்பது என்று எடுத்துக்கொண்டால் உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். எனக்கு இன்னமும் கலக்கம் வருகிறது. போன மாதம்கூட மகள் போனை எடுக்கவில்லை என்று ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்குள் நடையாய் நடந்தேன். முன்பு அப்படிப்பட்ட கலக்கம் மூன்று நாள் தங்கும். இப்போது வந்த வழியே சீக்கிரம் போய்விடுகிறது. என்னால் காட்ட முடிந்த நிலைத்த பலன் அவ்வளவுதான்.

ஜெபக்குழுவைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் சத்தமாக ஜெபிக்கட்டும், நீங்கள் நடுவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருங்கள். ஏன் என்று கேட்டால் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடுங்கள். ஏலியிடம் நீண்ட விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க உங்களுக்கு இப்போது தெம்பு இல்லை. யோபுவின் சிநேகிதர்களும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல சிநேகிதர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வம்பு.

காலையில் நீங்கள் உட்காரும்போது மகன் எழுந்து வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் வருவான். அவனை வேறு அறைக்கு அனுப்பாதீர்கள். மடியில் ஏறினால் ஏறட்டும். நீங்கள் சொல்லை விடாமல் உட்கார்ந்திருங்கள். வியாழக்கிழமை மாலை ஏழரை மணிக்கு என் வீட்டில் ஆறேழு பேர் உட்காருகிறோம். இருபது நிமிடம், அப்புறம் கோப்பி. வர முடிந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்களில் யாரும் அவனைப் பேசச் சொல்ல மாட்டோம்.